கேமராவும் துப்பாக்கிதான் பாஸ்!

அக்டோபர் மாசம். சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். கேன்டீனுக்குப் பின்னால், சருகு மூடிக் கிடக்கிற மரத்தடியில் ஏழெட்டுப் பேர் கேமராவோடு குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் கையில் மொபைல். அதிலிருந்து விசில் அடிக்கிற மாதிரி ஒரு பறவையின் குரல். நிறுத்துகிறார். பத்து செகண்ட் சும்மா இருக்கிறார். திரும்பவும் போடுகிறார்.

புதருக்குள் சலசலப்பு. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண்ணுக்கு மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை... வந்தாச்சு! படபடவென்று ஷட்டர் சத்தம். ''சுட்டுட்டேன்டா மச்சான்!'' என்று ஒரு குஷிக் குரல்.

நீங்களும் இப்படி ஒரு கூட்டத்தில் இருந்திருக்கலாம். நான் இருந்திருக்கிறேன்.

வந்தது ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் நம்ம ஊர்க்காரர்கள் வைத்த பெயர். மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே நம்ம பக்கமும் இலங்கைக்கும் வருகிற விருந்தாளி. பயணம் ராத்திரியில். வந்து சேரும்போது களைத்துப் போய் சில சமயம் யார் வீட்டு வராந்தாவிலாவது சுருண்டு கிடக்கும். அப்புறம் சருகு நிறைந்த ஒரு துண்டு இடத்தைப் பிடித்து, 'இது என் ஏரியா' என்று குரல் கொடுத்து, புழு பூச்சி கிளறித் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் நீங்கள் மொபைலில் அதன் குரலைப் போட்டால் அதற்கு எப்படிக் கேட்கும் தெரியுமா? 'இன்னொருத்தன் என் இடத்துக்கு வந்துட்டான்!' தின்பதை விட்டுவிட்டு சண்டைக்கு ஓடி வருகிறது. வந்து பார்த்தால் எதிரி இல்லை. திரும்பிப் போகிறது. மறுபடி குரல். மறுபடி ஓடி வருகிறது. இல்லாத எதிரியோடு இருட்டும் வரை சண்டை. மறுநாள் வேறு ஒரு குரூப், வேறு ஒரு மொபைல்.

நமக்கு ஒரு சூப்பர் படம். அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு போச்சு. இந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் உங்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். காட்டுயிர்ப் படம் எடுக்கிற ஆசை உங்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ரொம்ப நல்ல ஆசை. ஆனால் அந்தப் படத்துக்கான பில்லை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்கணும் இல்லையா?

தேன்சிட்டும் ஷூ லேஸும்

'இவரு பெரிய யோக்கியர், அட்வைஸ் பண்ண வந்துட்டார்' என்று நினைக்கிறவர்களுக்காக முதலில் என் கதை.

காலேஜ் இரண்டாம் வருஷம். ஹாஸ்டல் பின்பக்கச் சுவரோரம் ஒரு செடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. பார்த்திருப்பீர்கள்... நாரும் சருகும் சிலந்தி நூலும் சேர்த்துப் பின்னின குட்டிப் பை மாதிரி தொங்கும். வாசலுக்கு மேலே சின்னதாகத் தாழ்வாரம்கூட இருக்கும்! உள்ளே இரண்டு குஞ்சுகள். சீனியர் ஒருத்தரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின கேமரா என் கையில். பிரச்னை என்னவென்றால், கூட்டுக்கு முன்னால் ஒரு கிளை குறுக்கே நின்றது.

வெட்டவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது என்று அப்போது பெருமைப்பட்டேன். ரூம்மேட் தன் ஷூ லேஸைக் கழற்றி, கிளையை இழுத்துப் பக்கத்துக் குழாயோடு கட்டினான். காட்சி பளிச்! அம்மா தேன்சிட்டு வாயில் பூச்சியோடு வந்தது. எங்களைப் பார்த்துவிட்டு கம்பியில் உட்கார்ந்து கத்தியது. போனது. வந்தது. கடைசியில் பசியில் கத்துகிற குஞ்சுகளுக்காகத் துணிந்து கூட்டுக்கு வந்தது. எடுத்தேன். நிஜமாகவே நல்ல படம்.

சந்தோஷத்தில் லேஸை அவிழ்க்க மறந்துவிட்டோம்.

மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் பை கிழிந்து தொங்குகிறது. உள்ளே எதுவும் இல்லை. எது எடுத்தது என்று பார்க்கவில்லை. காக்காயாக இருக்கலாம், செண்பகமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கிளை சும்மா நின்ற கிளை இல்லை, அது அந்த வீட்டுக்குக் கதவு என்று அப்போதுதான் உறைத்தது. கதவைக் கழற்றி வைத்தவன் நான். தாய்ப்பறவை இன்னும் பூச்சியோடு வந்து வந்து அந்தக் கிழிந்த பையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்துக்கு இன்டர்-காலேஜ் போட்டியில் மூன்றாம் பரிசு கிடைத்தது. 'தாய்ப்பாசம்' என்று தலைப்பு வைத்திருந்தேன். இதை எழுதும்போதுகூட கூசுகிறது.

புலியே எடுத்த புலிப் படம்

கேமராவைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். காட்டுக்குத் துப்பாக்கியோடு போவதுதான் வீரம் என்று இருந்த காலத்தில், அதற்குப் பதிலாகக் கையில் வந்த சாமான் அது. 1920-களில் எஃப்.டபிள்யூ.சாம்பியன் என்கிற வெள்ளைக்கார வன அதிகாரி, வட இந்தியக் காடுகளில் புலி நடக்கிற பாதையில் கம்பி கட்டி, புலியின் கால் பட்டால் ஃப்ளாஷ் அடித்துப் படம் விழுகிற மாதிரி ஏற்பாடு செய்தார். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது! 1927-ல் அவர் புத்தகம் வந்தபோது, சுட்டு விழுத்திய புலி மேல் கால் வைத்துப் போஸ் கொடுக்கிற படங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, உயிரோடு நடக்கிற புலி புதுசாக இருந்தது.

அந்தத் தந்திரம்தான் இன்று கேமரா ட்ராப். புலியின் வரி நம்ம கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்துத்தான் புலிகளை எண்ணுகிறார்கள். 2018-ம் வருஷக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து, 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் படங்கள் கிடைத்தன. அதில் புலி இருந்தவை 76,651. கின்னஸில் இடம்பிடித்த கணக்கு அது. ஒரு போட்டோவுக்குக்கூட யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். பாதிக்கு மேல் ஆட்டம் கண்டதும் மங்கலானதுமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு காட்டுக்குக் காவல் போதுமா போதாதா என்று சொல்கிற சாட்சி அவைதான்.

நம்ம ஊர் ஆளையும் சொல்லணும். மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். தமிழிலும் இங்கிலீஷிலும் இயற்கையைப் பற்றி 1996-ல் சாகும்வரை எழுதியவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தானே கட்டிய ஒரு கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று செல்லப் பெயர் வைத்து, முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கலர் பக்கமே போகாத ஆள். 'லென்ஸ் போதலை' என்று புலம்புகிறவர்கள் அவர் படங்களைத் தேடிப் பாருங்கள். யானை மட்டும் இருக்காது, அது நிற்கிற காடும் இருக்கும்.

பாங்டியில் நடந்தது

இப்போது ஒரு நிஜக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அமூர் வல்லூறு என்று ஒரு பறவை. புறாவைவிடச் சின்னது. எடை நூற்றைம்பது கிராம் வாக்கில். சைபீரியாவின் கிழக்குப் பக்கத்திலும் வட சீனாவிலும் முட்டையிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னாப்பிரிக்கா பக்கம் போகும். நடுவில் அரபிக்கடலை நிற்காமல் தாண்டணும். அதற்கு முன்னால் சாப்பிட்டுத் தெம்பேற்றிக்கொள்ள அக்டோபர் - நவம்பரில் நம்ம வடகிழக்கு மாநிலங்களில் லட்சக்கணக்கில் இறங்கும். நாகாலாந்தில் வோக்கா மாவட்டம், டோயாங் நீர்த்தேக்கம், பாங்டி கிராமம். அதுதான் அவற்றின் பெரிய பஸ் ஸ்டாண்ட்.

2012 அக்டோபரில் நாலு பேர் அங்கே போனார்கள். காட்டுயிர்ப் புகைப்படக்காரர் ராம்கி ஸ்ரீனிவாசன், பறவை ஆய்வாளர் ஷஷாங்க் தல்வி, நாகாலாந்தின் பத்திரிகையாளர் பானோ ஹரலு, ரோகோஹெபி குவோட்சு. அவர்கள் கண்டது கொலைக்களம். பறவைகள் தங்கும் மரங்களுக்கு நடுவே மீன் வலைகளைத் திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். இறங்குகிற கூட்டம் கூட்டமாக அதில் சிக்கியது. சிக்கினதைப் பிய்த்தெடுத்து, கொசுவலைக்குள் உயிரோடு அடைத்து, பிறகு கொன்று, இறகு பிய்த்து, புகையில் வாட்டி, கட்டுக் கட்டாக விற்பனைக்கு. அந்தக் குழு போட்ட கணக்குப்படி ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 பறவைகள். சீசன் முழுக்க 1,20,000 முதல் 1,40,000.

கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் கையில் கேமரா. எதிரில் லட்சம் வல்லூறுகள் அந்தி வானத்தை மறைத்துப் பறக்கிற காட்சி. அதை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால் காலண்டருக்கு அட்டகாசமான படம். அவர்கள் வலையை எடுத்தார்கள். வலையில் தலைகீழாகத் தொங்குகிற பறவையை எடுத்தார்கள். கொசுவலைக்குள் நெருக்கியடித்துக் கிடந்ததை எடுத்தார்கள், கட்டுகளைச் சுமந்து போகிறவர்களை எடுத்தார்கள். எங்கே, எப்போது, எத்தனை வலை, என்ன விலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் படங்களில் ரசிக்க ஒன்றுமே இல்லை. பார்த்தவர்களுக்குத் தூக்கம் போனது. உலகம் முழுக்கச் செய்தி பரவியது. வனத்துறை இறங்கி வலைகளை அகற்றியது.

அடுத்த வருஷம், 2013 சீசனில், அந்த இடத்தில் ஒரு வல்லூறுகூட வலையில் சாகவில்லை என்று பதிவானது. ஒரே வருஷத்தில்!

படம்தான் சாதித்தது என்று இங்கே நாமே விசில் அடித்துக்கொள்ளக் கூடாது. அணை வந்தபோது அந்தப் பகுதிக் குடும்பங்கள் பல விளைநிலத்தை இழந்திருந்தன. அவர்களுக்கு அந்தப் பறவை ஒரு சீசன் வருமானம். அதை விட்டுக்கொடுத்தது பாங்டி ஜனங்கள். ஊர்ச்சபைகள் உட்கார்ந்து பேசித் தடை போட்டன. சர்ச்சுகளில் எடுத்துச் சொன்னார்கள். பானோ ஹரலு மாதிரி உள்ளூர்க்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி இயற்கை மன்றம் நடத்தினார்கள். 'நாகர்கள் கொடூரமானவர்கள்' என்று காட்டுகிற மாதிரி அந்தப் படங்களை வெளியிட்டிருந்தால் இதில் ஒன்றாவது நடந்திருக்குமா? படத்தில் இருக்கிற மனுஷனுக்கும் மரியாதை உண்டு என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறோம்.

அந்த 2013 நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்கு சாட்டிலைட் கருவி கட்டிப் பறக்கவிட்டார்கள். பெயர் என்ன தெரியுமா? நாகா, வோக்கா, பாங்டி. முந்தின வருஷம் கொலைக்களம் என்று உலகமே சொன்ன ஊரின் பெயர், அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் பறந்தது.

எல்லாப் படமும் இப்படி ஜெயிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில், ஜனங்கள் எறிந்த தீப்பந்துகளுக்கு நடுவே ஒரு தாய் யானையும் பின்னால் நெருப்புப் பட்டுக் கதறி ஓடுகிற குட்டியும்... விப்லப் ஹாஸ்ரா எடுத்த படம். 2017-ல் சாங்க்சுவரி பத்திரிகையின் பெரிய விருது வாங்கியது. நாடே அதிர்ந்தது. யானை விரட்டத் தீப்பந்தம் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் உத்தரவும் வந்தது. அப்படியும் 2024 ஆகஸ்டில் அதே மாநிலத்தின் ஜார்கிராமில் எரியும் ஈட்டி குத்தி ஒரு பெண் யானை செத்தது. சாட்சி சொல்வதோடு போட்டோவின் வேலை முடிகிறது. மிச்ச வேலை மனுஷங்களுடையது.

வேலி தாண்டிய ஓநாய்

சாட்சி என்று சொன்னேன். பொய் சாட்சி சொன்னால்?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற 'வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டிதான் இந்தத் துறையின் ஆஸ்கர். 2009-ல் முதல் பரிசு ஒரு ஸ்பெயின்காரருக்கு. ராத்திரியில் ஒரு மரக் கதவைத் தாவிக் குதிக்கிற ஓநாய். அப்படியே கதைப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி! சில மாதத்தில் சந்தேகம் கிளம்பியது. காட்டு ஓநாய் கதவுக் கம்பி இடுக்கில் நுழைந்து போகுமே, எதற்கு இவ்வளவு அழகாகத் தாவுகிறது? விசாரித்த நடுவர்கள், அது பழக்கிவைத்த ஓநாயாகத்தான் இருக்கணும் என்று முடிவுக்கு வந்து 2010 ஜனவரியில் பரிசைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

2017-ல் இன்னும் தமாஷ். பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில், மின்மினி மாதிரி ஒளிரும் கரையான் புற்றை நோக்கி வருகிற எறும்புத்தின்னி. பரிசு வாங்கின படம். அதே பூங்காவின் வாசல் கட்டடத்தில் பாடம் பண்ணி வைத்திருக்கிற எறும்புத்தின்னிக்கும் படத்தில் இருப்பதற்கும் முடிக் கற்றைகூட ஒரே மாதிரி இருப்பதாக யாரோ எழுதிப் போட, ஐந்து நிபுணர்கள் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். 2018 ஏப்ரலில் அந்தப் பரிசும் போச்சு. இவரும் மறுத்தார்.

'யாருக்கு என்ன நஷ்டம், ஒரு விலங்கும் சாகலியே' என்று கேட்கலாம். இன்று கம்ப்யூட்டரில் நாலு வார்த்தை தட்டினால் ஏ.ஐ. புலியே வந்து நிற்கிறது. இந்தச் சூழ்நிலையில் ஒரு போட்டோவை ஜனங்கள் ஏன் நம்பணும்? நாளைக்கு நீங்கள் ஒரு வலையை, ஒரு கண்ணியை, ஏரிக்குள் விடப்படுகிற சாக்கடையைப் படம் எடுத்துக் காட்டும்போது 'இதுவும் செட்டப்தானே' என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போய்விட்டால்? அங்கேதான் நஷ்டம்.

சட்டப் புத்தகத்தில் உங்க பேர்

தலைப்பு கொஞ்சம் ஓவராக இருக்கிறதே என்று நினைத்தீர்களா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. கொல்வதும் பிடிப்பதும் மட்டும் இல்லை... விரட்டுவதும், இரை வைத்து இழுப்பதும், பறவைகள் ஊர்வனவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதும் அதே விளக்கத்துக்குள்தான் வருகின்றன. அதாவது ஆந்தை பாய்ந்து வருகிற 'ஆக்‌ஷன் ஷாட்'டுக்காக எலியைக் கட்டிப் போடுகிறவர் சட்டப்படி வேட்டைக்காரர் ஆகிவிட வாய்ப்பு இருக்கிறது. ஷூ லேஸ் கட்டின நானும்தான்.

பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? பூநாரைகள் கூட்டமாகத் தலை கவிழ்த்து மேய்கிற காட்சி கண்கொள்ளாதது. ஆனால் தலை கவிழ்ந்த பறவையில் ரோஸ் கலர் தெரியாதே! பறந்தால்தானே இறக்கை விரியும்? படகுக்காரரிடம், ''அண்ணே, கொஞ்சம் கிட்டப் போய் ஒரு சத்தம் குடுங்க'' என்பார்கள். கூட்டமே எழும்பும். க்ளிக்! கொஞ்ச தூரத்தில் இறங்கும். அடுத்த படகு. நாள் முழுக்க மேய்ந்து சேர்த்த தெம்பு நம் ஆல்பத்துக்காகக் காலி. படகுக்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கேட்கிறவர் இருக்கிறதால்தான் அவர் செய்கிறார்.

மழைக்கால மேற்குத்தொடர்ச்சி மலையில் இது வேறு ரூபம். தவளையைப் பிடித்து, 'பேக்ரவுண்ட்' நல்லா இருக்கிற இலையில் வைத்து எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். தவளைக்குத் தோல்தான் பாதி மூச்சு. உங்கள் கையில் இருக்கிற கொசுக் களிம்பும் சன் க்ரீமும் அதற்கு விஷம். ஒரு காட்டுத் தவளையின் தோல் நோயை இன்னொரு ஓடைக்குக் கொண்டுபோவதும் அதே கைதான்.

தேவாங்கு தெரியும் இல்லையா? கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூரில் 2022-ல் நாட்டிலேயே முதன்முதலாக அதற்கென்று ஒரு சரணாலயம் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேரில். ராத்திரி இருட்டில் பார்ப்பதற்காகவே அமைந்த பெரிய கண் அதற்கு. அந்தக் கண்ணில் நேராக டார்ச்சையும் ஃப்ளாஷையும் அடித்தால் எப்படி இருக்கும்? நடுராத்திரி தூக்கத்தில் எழுப்பி உங்கள் முகத்தில் லாரி ஹெட்லைட் போட்ட மாதிரி. ஆராய்ச்சிக்காரர்கள் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் பார்ப்பது சும்மா ஸ்டைலுக்கு இல்லை.

நட்சத்திர ஆமையைக் கண்டால் மட்டும் இன்னும் ஜாக்கிரதை. வீட்டில் வளர்க்க என்று கடத்துகிற கும்பல்களுக்கு அது நோட்டுக் கட்டு. 'இன்னிக்கு எங்க ஊர் குன்றுக்குப் பின்னாடி...' என்று இடம் போட்டு நீங்கள் பதிவிடுகிற படம் அவர்களுக்கு வழி சொல்கிற பலகை. போனில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், நீங்கள் சொல்லாவிட்டாலும் படமே தன் வயிற்றுக்குள் இடத்தைக் குறித்து வைத்திருக்கும். ஆஃப் பண்ணிவிட்டு எடுங்கள்.

புலி விஷயத்தில் கூட்டமே குற்றம். 2012 அக்டோபரில் வந்த தேசியப் புலிகள் ஆணைய வழிகாட்டுதல்படி எந்த விலங்குக்கும் இருபது மீட்டருக்குள் சுற்றுலா வண்டி போகக் கூடாது. ஆனால் 2024 டிசம்பர் 31, நாக்பூர் பக்கத்து உம்ரேட்-பவ்னி-கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் என்ன நடந்தது? ஒரு பெண்புலி, கூடவே ஐந்து குட்டிகள். ரோட்டில் முன்னும் பின்னும் சஃபாரி வண்டிகள் மறித்துக்கொண்டன. வீடியோ வெளியே வந்து, ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் சஸ்பெண்ட் ஆனார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. நியூ இயருக்கு ஸ்டேட்டஸ் போட வந்தவர்கள் யாரும் சஸ்பெண்ட் ஆகவில்லை என்பது என் வயிற்றெரிச்சல்.

அப்போ எப்படித்தான் எடுக்கறது?

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெரியவர், ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர். நான் கொக்கைத் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, ''ஏந் தம்பி ஓடுறே? நீ ஒரே எடத்துல குந்து. அது தன்னால வரும்'' என்றார். இவ்வளவுதான் மொத்த டெக்னிக்! காலை வெயில் முதுகில் படுகிற மாதிரி ஒரு இடம் பார்த்து, மங்கின கலர் சட்டையில், தரையோடு தரையாக உட்காருங்கள். முதல் இருபது நிமிஷம் எல்லாம் உங்களையே பார்க்கும். அப்புறம் மறந்துவிடும். மறந்த பிறகு எடுக்கிற படம்தான் படம்.

அது உங்களை மறந்துவிட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? மேய்ந்துகொண்டிருந்தது சட்டென்று நிமிர்ந்து அசையாமல் நின்றால், வாயில் இரையோடு கூட்டுக்குப் போகாமல் கத்திக்கொண்டே இருந்தால், யானை காதை விரித்துக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பினால்... நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். இரண்டு ஸ்டெப் பின்னால் வாருங்கள். அதுவும் போதாவிட்டால் கிளம்பிவிடுங்கள். கூட்டுப் படம் மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த லென்ஸாக இருந்தாலும் சரி.

தூரமாக இருக்கிறதே, சின்னதாகத் தெரிகிறதே என்ற கவலையா? விடுங்கள். ஏரி, பின்னால் குவிந்த குப்பை, அதற்குப் பின்னால் அடுக்குமாடி, நடுவில் ஒரு சின்னப் பறவை... பள்ளிக்கரணையில் அப்படி ஒரு படம் நெருக்கத்தில் எடுத்த நூறு இறக்கைகளைவிட அதிகம் பேசும். எடுத்த படத்தை போனிலேயே தூங்கவிடாமல், தேதியோடு இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட்டிலோ ஈபேர்டிலோ ஏற்றுங்கள். ஆபத்தில் இருக்கிற இனம் என்றால் சரியான இடத்தை மற்றவர்களுக்குக் காட்டாமல் மறைக்கிற வசதி அங்கே உண்டு. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் கேம்பஸ் பறவைகள் கணக்கெடுப்பு. உங்கள் கேம்பஸில் முட்செடியை வழித்துப் புல்தரை போடப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சார், இந்த முட்செடியில் இத்தனை வகைப் பறவை இருக்கு' என்று பிரின்ஸிபால் மேஜையில் வைக்க உங்களிடம் மூன்று வருஷப் பதிவு இருந்தால், அந்த மீட்டிங் வேறு மாதிரி நடக்கும்.

படத்துக்குக் கீழே எழுதுகிற வரியில் ஒளிக்காதீர்கள். உயிரியல் பூங்காவில் எடுத்தால் பூங்கா என்று எழுதுங்கள். தீனி போட்டு வரவழைத்தால் அதையும் எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சமே உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடும்.

என் தேன்சிட்டுப் படத்தின் பின்பக்கம் இப்போது பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். 'கிளையைக் கட்டி எடுத்தது. மறுநாள் கூடு காலி.' பரிசுச் சான்றிதழும் அதே கவரில்தான் இருக்கிறது.

போன அக்டோபரில் ஒரு நண்பரின் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மரத்தடிச் சருகுக்கு எதிரே உட்கார்ந்தேன். மொபைலை பையில் போட்டாச்சு. கொசு பின்னி எடுத்தது. ஆறுமணிக்குருவி தானாகவே குரல் கொடுத்தது, ஒரு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. சருகைக் கிளறுகிற சத்தம் கேட்டது. நாற்பது நிமிஷத்தில் என் கேமராவில் விழுந்தது ஒரே ஒரு படம். பாதி இருட்டு, நிறைய இலை, ஓரத்தில் குட்டையான ஒரு வாலும் ஒரு காலும். அது புழு தின்றுகொண்டிருந்தது.